51-வது மீட்டரிலிருந்து ஒரு நன்றி மடல்

அனுப்புநர்:
பெட்டிக்கடைக்காரர்,
பள்ளி வாசலிலிருந்து 51-வது மீட்டர்.

பெறுநர்:
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

பொருள்: வியாபாரம் குறையாமல் காத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-இல் விதி போட்டீர்கள். கடையைத் தள்ளி வைத்துவிட்டேன். பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். சிறுவர்கள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டுவிட்டார். எனவே போகவர 102 மீட்டர், என்னாலான தேகப்பயிற்சி.

பீடி, சிகரெட்டுக்கு மட்டும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 100 கெஜம் கேட்கிறது. கணக்குப் பார்த்தால் 91 மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே என் கடையில் தாத்தாவுக்கு பீடி கிடையாது. பேரனுக்கு சிப்ஸ் உண்டு. சட்டப்படி நடக்கிற கடை, ஐயா.

பள்ளி வாசலில் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்ற ஆயாவை நீங்கள் தடுக்கவில்லை. ஆனாலும் அவருக்குப் போணியாகவில்லை. எந்தக் கிரிக்கெட் வீரரும் டி.வி.யில் நெல்லிக்காயைக் கடித்துக் காட்டுவதில்லையே! என் கடையில் சரம் சரமாகத் தொங்குகிற ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளுக்கு அந்தக் குறை இல்லை.

பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று அச்சிடவும் வைத்திருக்கிறீர்கள். பின்பக்கம், எறும்பு எழுத்தில், 100 கிராமுக்கு இவ்வளவு என்று. ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பது இன்னும் வசதி. தன் கையிலிருக்கும் பாக்கெட்டில் எவ்வளவு உப்பு என்று நாலாம் வகுப்புப் பையன் வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பி.டி. பீரியடில் கணக்கு நடத்துவது அதற்காகத்தான் போலும்.

சிலி நாட்டில் 2016 முதல் இத்தகைய பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்தி, 'சர்க்கரை அதிகம்' என்று பெரிதாகப் போடுகிறார்களாம். பிள்ளைகளை மயக்கும் கார்ட்டூனும் கூடாதாம். அவ்வூர்க் கடைக்காரர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. நீங்களோ 2022-இல் வெளியிட்ட வரைவில் அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருவதாகச் சொன்னீர்கள். எவ்வளவு மட்டமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரமாவது உண்டு. ஃபெயிலே இல்லாத பரீட்சை!

ஒரே ஒரு விண்ணப்பம். அந்தக் கறுப்பு முத்திரை மட்டும் இங்கே வேண்டாம். விதியை 500 மீட்டராக்குங்கள், அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆனால் பாக்கெட்டே உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டால், நான் எங்கே போய்க் கடை போடுவது?

இப்படிக்கு,
விதி மீறாத வியாபாரி