வீட்டுப் பள்ளி அப்பாக்களுக்கு ஒரு விளையாட்டுக் கையேடு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவாகிவிட்டதா? வாழ்த்துகள். இனி பொம்மைக் கடைக்குள் நுழைய யாருடைய பிறந்தநாளும் தேவையில்லை. வாங்குவதெல்லாம் ‘கற்றல் உபகரணம்’. கண்ணாடி முன் நின்று இதைச் சொல்லிப் பழகுங்கள். பில்லைப் பார்த்து மனைவி நிமிரும்போது தடுமாறாமல் வாயில் வரவேண்டும்.

முதல் செலவு லெகோ. விலையைக் கேட்டு மாமியார் நெஞ்சில் கைவைத்தால், டென்மார்க்கில் 1958-ல் காப்புரிமை கேட்ட கட்டையோடு இன்று வாங்கும் கட்டையும் பொருந்தும், கொள்ளுப்பேரன் வரைக்கும் ஓடும் என்று சொல்லுங்கள். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால் 91 கோடிக்கு மேற்பட்ட விதங்களில் இணைக்கலாம் என்று ஒரு டென்மார்க் கணிதப் பேராசிரியர் கணக்கிட்டிருக்கிறார். மகளிடம் இதை உணர்ச்சிகரமாக விளக்குங்கள். அவள் ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி “டவர்” என்பாள். கை பரபரக்கும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காருங்கள். அவர்கள் தூங்கியபின் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை நிம்மதியாகக் கட்டிக்கொள்ளலாம். காலையில் அது டைனோசர் கொட்டகையாகியிருந்தால் புகார் சொல்லக் கூடாது.

அடுத்து பொருளாதாரம், அதாவது மோனோபொலி. இதன் மூல ஆட்டத்துக்கு 1904-ல் காப்புரிமை பெற்றவர் லிசி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி. நிலத்தையெல்லாம் ஒருவரே வளைத்துப் போட்டால் மற்றவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று காட்டத்தான் அதை உருவாக்கினார். உங்கள் மகனுக்கு அந்த நீதி போய்ச் சேராது. தங்கையிடம் வாடகை வசூலித்து, அவளுக்கே வட்டிக்குக் கடன் கொடுப்பான். வீட்டுக் கடன் தவணையைப் பற்றி அவனிடம் அன்று மட்டும் பேசாதீர்கள்.

வேண்டுமென்றே தோற்பது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். தோற்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அந்த அவமானம் தோல்வியைவிடப் பெரிது. ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகளால் மடக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் போதும், மகன் நியாயமாகவே தின்றுவிடுவான். செலவு ஒரு சாக்பீஸ். பில் காட்டிப் பெருமைப்பட முடியாது என்பது ஒன்றுதான் குறை.

பல்லாங்குழியைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள். அந்தத் துறையில் உங்களுக்குத் தகுதி போதாது.

சித்தப்பா ஒருவர் வருவார். காபியைக் கையில் வாங்குமுன் “பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு” என்பார். மகன் விழிப்பான். பதற்றப்படாமல், 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்ற தகவலைச் சொல்லி, தாயக்கட்டையை அவர் கையில் கொடுங்கள். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. விழும்வரை வாய்ப்பாட்டை மறந்திருப்பார்.

ஒன்றே ஒன்று. ஆட்டம் முடிந்ததும் “இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மறுநாள் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். மோனோபொலியைத் தனியாக ஆட முடியாது.