வேட்டி மடிப்பில் ரிமோட்

சொந்த வீடு. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பையன் பெங்களூரில். பென்ஷன் தேதி தவறாமல் வந்துவிடும். மடிப்பாக்கம், நங்கநல்லூர், குரோம்பேட்டைப் பக்கம் போனால் இப்படிப்பட்ட மாமா தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். அவர்கள் வீட்டுப் படுக்கையறையில் ஒன்றரை டன் ஏ.சி. கட்டாயம் இருக்கும். அதைப் போடும் அதிகாரம் மட்டும் வீட்டில் ஒரே ஆளுக்கு. ரிமோட் அவருடைய வேட்டி மடிப்பில். குளிக்கப் போகிற நேரத்தில் பூஜை அலமாரியில், கற்பூர டப்பாவுக்குப் பின்னால்.

மாமா வீட்டில் உங்களுக்கு என்ன மரியாதை என்று அறிய காபி எவ்வளவு திக்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. ஏ.சி.யில் எரியும் எண்ணைப் பார்த்தால் போதும். சம்பந்தி வந்தால் 23. மாப்பிள்ளைக்கு 24. மாமாவின் தங்கைக்கு 26, மாமியின் தங்கைக்கு 27. மாமியின் தம்பி வந்தால், "ஜன்னலைத் தொறந்து வைடி, என்னமா காத்து வருது பாரு!"

புள்ளிவிவரத்துக்கும் மாமாவிடம் குறைவில்லை. 2020 ஜனவரி முதல் ஏ.சி.க்கள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அமைத்து விற்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்ததும், ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்வதும் அவருக்கு மனப்பாடம். "அப்போ முப்பதுல வெச்சா முப்பத்தாறு பர்சென்ட் மிச்சம்!" என்று ஒரு நாள் கணக்குப் போட்டார். "ஆஃப் பண்ணிட்டா தாத்தா?" என்று கேட்டான் பேரன். இந்தக் குடும்பத்தில் தன் மூளை யாருக்கு வந்திருக்கிறது என்று மாமாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

வாங்கின கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஏ.சி.யின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. "இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் கத்திரி முழுக்க ஈரத்துண்டோட உக்காந்திருந்தேன்" என்பார். வரி குறையும் என்ற அறிவிப்பே ஆகஸ்ட் 15-ஆம் தேதி பிரதமர் உரையில்தான் வந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் 27-க்குப் போய்விடுவோம் என்ற பயம். கடையில் முக்கால் மணி நேரம் பேரம் பேசி ஐந்நூறு ரூபாய் குறைத்து, ஒரு சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வந்தார். கரன்ட் மிச்சமாகட்டும் என்று ஃபைவ் ஸ்டார். த்ரீ ஸ்டாரைவிடப் பல ஆயிரம் கூடுதல். நீண்ட நேரம் ஓடினால்தான் அந்தக் கூடுதல் விலை கரன்ட் பில்லில் திரும்பி வரும். மாமா வீட்டில் ஏ.சி. ஓடுவது இரவு பத்திலிருந்து பதினொன்றரை வரை. இந்த வேகத்தில் போட்ட காசை எடுக்க அவருக்குச் சதாபிஷேகத்தையும் தாண்டிய ஆயுள் வேண்டும்.

'இலவச இன்ஸ்டாலேஷன்' என்று போட்டிருந்ததை நம்பிக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள். ஒருவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், இன்னொருவன் மொட்டைமாடியைப் பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கேதான் செலவு ஆரம்பம்.

"சார், பெட்டியில மூணு மீட்டர் பைப்தான் வரும். உங்களுக்கு ஏழு வேணும்."

"ஏன் தம்பி, ஜன்னலுக்கு வெளியிலேயே வெக்கலாமே?"

"பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா அனல் அடிக்கும் சார். சண்டைக்கு வருவாங்க."

பக்கத்து வீட்டுக்காரரோடு மாமாவுக்கு ஏற்கெனவே முருங்கை மரம் சம்பந்தமாக ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஆகவே மொட்டைமாடிதான். உபரி காப்பர் நாலு மீட்டர், மீட்டர் எண்ணூறு. அவுட்டோருக்கு ஸ்டேண்டு. சுவரில் ஓட்டை போட ஒரு தொகை. வயர், ட்ரெயின் பைப், டேப். ஸ்டெபிலைசர் இல்லாமல் போட்டால் போர்டு போய்விடும் என்று ஒரு பயமுறுத்தல். ஏ.சி.யின் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் முதுகிலேயே கணக்கெழுதிக் கூட்டினார்கள்: எட்டாயிரத்து இருநூறு. கடையில் ஐந்நூறுக்கு முக்கால் மணி நேரம் மன்றாடிய மனிதர், இதை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார். இந்த விசித்திரம் நம் ஊரில் எல்லார்க்கும் பொது. விலைச்சீட்டு தொங்கினால் பேரம் பேசுவோம். ஏணிமேல் நின்று ஒருவன் கையில் பாதி பைப்போடு விலை சொன்னால் பேச்சு எழாது.

போட்டதோடு தீர்ந்ததா? காலையில் பல் தேய்த்ததும் மாமா போய் நிற்கும் சன்னிதி மின்மீட்டர் பெட்டி. காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம் போக, 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஆனால் 2,000 ரூபாயைத் தாண்டிவிடும். வரம்பைத் தாண்டியதும் மேலே உள்ள ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-ஆவது யூனிட்டிலிருந்தே வேறு விகிதம். அந்த ஒற்றை யூனிட்டின் விலை இருநூறு ரூபாய்க்கு மேல். அதனால் மீட்டர் 470-ஐ எட்டிய நாளிலிருந்து மாமா வீட்டில் எமர்ஜென்சி. கிரைண்டருக்கு முறை, அயர்ன் பாக்ஸுக்குத் தடை, எல்லாரும் மொட்டைமாடியில் பாய். ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தாமதமானால் மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். வந்துவிட்டால் பெருங்காயம் போட்ட மோர். அன்று இரவு மட்டும் ஏ.சி. விடிய விடிய, 25-இல். மாமி அதை "ரீடிங் தீபாவளி" என்பாள்.

இத்தனை உஷாரான மனிதர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பையன் அறையில் இருக்கும் பழைய ஏ.சி. அதற்கு ஒவ்வொரு பங்குனியிலும் கேஸ் போட்டாக வேண்டும். மெக்கானிக் மாடிக்குப் போய் ஒரு கேஜை மாட்டுவார்.

"பாருங்க சார், முள்ளு கீழ கெடக்குது. கேஸே இல்ல."

"போன வருஷம்தானே தம்பி போட்டே?"

"போன வருஷம் வெயில் எப்படி சார் அடிச்சுது! தீந்துடும்ல?"

மாமா தலையாட்டுவார். மூவாயிரம். மீட்டரில் ஒரு யூனிட்டுக்குத் தவம் கிடப்பவர், இந்த மூவாயிரத்தை ஏதோ வருஷத் திவசம் மாதிரி சிரத்தையாகச் செய்துவிடுவார். வருஷ ஒப்பந்தம் போடச் சொன்னால் மட்டும் "அதெல்லாம் தண்டம்!"

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். ஏ.சி.யில் இருக்கும் கேஸ், சமையல் சிலிண்டர் போல எரிந்து தீரும் சரக்கு அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஒழுகினால் ஒழிய குறையாது. ஒழுக்கு பெரும்பாலும் குழாய்கள் சேரும் நட்டிலோ, அரித்துப்போன காயிலிலோ இருக்கும். அதை அடைக்காமல் மேலே மேலே கேஸ் ஊற்றினால் அடுத்த பங்குனிக்கும் அதே தம்பி, அதே முள், அதே மூவாயிரம். இன்னொன்று: கூலிங் குறைந்ததற்குக் காரணம் பல வீடுகளில் கேஸே கிடையாது, ஃபில்டரில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும் தூசு. மாமா வீட்டு ஃபில்டரைக் கழற்றியே பார்த்ததில்லை. கழற்றினால் உடைந்துவிடும், உடைந்தால் செலவு என்பது அவர் கட்சி.

இந்த வருஷமும் மாமா கேஸ் போட்டுவிட்டார். நீங்களாவது, கேஸ் இல்லை என்று யாராவது சொன்னால், "எங்கே ஒழுகுது, சோப்பு நுரை வெச்சுக் காட்டுங்க தம்பி" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எவ்வளவு கேஸ் நிரப்ப வேண்டும் என்று அவுட்டோரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கிறது. தராசில் வைத்து எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். ஃபில்டரைக் குழாயடியில் காட்டிக் கழுவ ஐந்து நிமிஷம் ஆகும், பைசா செலவில்லை.