தாய்ப்பத்திரம் இல்லாத பேட்ச்

வாரும் மருமகனே, உக்காரும். ஆறு பேட்ச் அனுப்பினேன் மாமா, ஆறும் ஆறு திக்குல கிடக்குன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டா சரியாப் போயிருமா? லினக்ஸ் கர்னல்காரன் எவனும் நம்மள மதிக்க மாட்டேங்கான்னு வேற ஒரு புலம்பல். மதிக்காம இல்லவே. அவங்க மெயிலிங் லிஸ்ட்டுல ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல மடல் விழுது. அதுக்குள்ள உம்ம நாலாம் பேட்ச் ஒரு மூலையில, கவர் லெட்டர் இன்னொரு மூலையில கிடந்தா, தேடி எடுத்து அடுக்கிப் படிக்க அவன் என்ன உமக்குப் பொண்ணா குடுத்திருக்கான்? பொண்ணு குடுத்த நானே படிக்கல.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். உடைஞ்சுபோச்சுன்னு எங்க பாத்தீரு? ஜிமெயில்லயா? அது தலைப்பு மாறினாலே தனித்தனியாக் கூறு போட்டுரும். பேட்ச்சுக்குப் பேட்ச் தலைப்பு வேறதானே? அத நம்பி ஒப்பாரி வைக்காதீரும். லிஸ்ட்டு மடலெல்லாம் இருக்க லோர் டாட் கர்னல் டாட் ஆர்க்குல உம்ம கவர் லெட்டரத் திறந்து பாரும். அதுக்குக் கீழ ஆறும் வரிசையா நின்னா, காப்பியக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நிக்கலையா? அப்பச் சரி, நம்ம தொழிலுக்கு வந்துட்டீரு. பத்திரம் எழுதியே பல்லு போனவன் நான். ஒவ்வொரு மடலுக்கும் மெசேஜ்-ஐடின்னு ஒண்ணு உண்டு, அதுதான் பத்திர நம்பரு. அடுத்த மடல், இன்-ரிப்ளை-டுங்கிற வரியில தாய்ப்பத்திர நம்பரக் காட்டணும். ரெஃபரன்சஸுங்கிற வரியில அதுக்கு முந்தின நம்பரும் சேந்து நிக்கும். 1982-ல வந்த ஆர்எஃப்சி 822-லயே இந்த மூணு வரியும் இருக்கு. தலைப்புல 3/6னு போடுதீரே, அது மனுசன் கண்ணுக்கு. மடல்கள ஒரே த்ரெட்டாக் கோக்குறது இந்த நம்பருதான்.

இப்பத் திருடனப் பிடிப்போம். பாதிக் கேசுல திருடன் நீருதான். ஒரு பேட்ச் அனுப்பி, டீ குடிச்சு, ரெண்டாவத அனுப்பினா, கிட் சென்ட்-ஈமெயிலுக்கு முந்தினது எங்க ஞாபகம் இருக்கும்? எல்லாத்தையும் ஒரே கட்டளையில குடுக்கணும். இன்னும் சில பேரு ஃபார்மேட்-பேட்ச்லயும் த்ரெட் போடச் சொல்லுதான், சென்ட்-ஈமெயில்லயும் போடச் சொல்லுதான். ஒரே சொத்துக்கு ரெண்டு பேரு பத்திரம் எழுதினா என்ன ஆகும்? ரெண்டுல ஒண்ணு நிப்பாட்டும்னு கிட்டோட கையேடே எச்சரிக்கு. நான் படிச்சேன். நீரு படிச்சிருந்தா இங்க வந்திருக்க மாட்டீரு. தாய் நம்பர நீரே குடுக்கும்போது ரெண்டு பக்கமும் இருக்க அந்தக் கோண அடைப்புக்குறியோட அப்படியே ஒட்டினீர்னா, ஷெல்லு அதக் கோப்புப் பேருன்னு நினைச்சு இல்லாத கோப்பத் தேடும். மேற்கோளுக்குள்ள போடும், இல்ல குறிய எடுத்துட்டுப் போடும்.

மிச்சப் பாதியில திருடன் சர்வரு. அவன் பலே கெட்டிக்காரன், உம்மகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டான். நீரு எழுதிக் கொண்டுபோன நம்பர அடிச்சிட்டுத் தன் நம்பரப் போட்டுருவான். பிள்ளைப் பத்திரம் ஆறும் பழைய நம்பரையே காட்டிட்டு நிக்கும். அந்த நம்பருல ஆபீசுல ஒரு பத்திரமும் கிடையாது. இதக் கண்டுபிடிக்க ட்ரை-ரன் மட்டும் போதாதுவே. அது கிட் என்ன எழுதுதுன்னு காட்டும், சர்வரு என்ன அடிச்சான்னு காட்டாது. கவர் லெட்டரோட சேத்து ஆறையும் உமக்கே ஒரு தடவ அனுப்பும். வந்த மடலோட மூலத்தத் திறந்து, 0/6-ங்கிற கவர் லெட்டரோட மெசேஜ்-ஐடியும் 1/6-ஓட இன்-ரிப்ளை-டுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதான்னு பாரும். ட்ரை-ரன்ல ஒத்துப்போயி வந்ததுல ஒத்துப்போகலைன்னா, சர்வருக்காரன் சட்டையப் பிடியும்.

அவுட்லுக் சர்வரு இந்த வேலையச் செய்யுதுன்னு கிட் கையேட்டுலயே எழுதியிருக்கு. அதுக்கு 2025 ஜூன்ல வந்த கிட் 2.50-ல ஒரு மருந்து வச்சிருக்கான். மடல வாங்கினதும் சர்வரு திருப்பிச் சொல்லுத பதிலுலயே புது நம்பரு இருக்கும். அதப் பிடிச்சு அடுத்த பேட்ச்சுகளுல அதையே தாய் நம்பரா எழுதிருது. ஆபீஸ் 365 சர்வருகிட்டப் பேசும்போது தானாவே நடக்கும்.

வேற சர்வருன்னா கை வைத்தியம்தான். கவர் லெட்டர மட்டும் மொதல்ல அனுப்பும். லோர்ல அது எந்த நம்பருல பதிவாச்சுன்னு பாத்து, அந்த நம்பர இன்-ரிப்ளை-டுவுக்குக் குடுத்து மிச்ச ஆறையும் அனுப்பும். இங்கதான் உம்மள மாதிரி ஆளு குழியில விழுவான்: கூடவே நோ-த்ரெட்டுன்னு சொல்லணும். சொல்லலைன்னா மொதப் பேட்ச் மட்டும் கவர் லெட்டரு கீழ நிக்கும். ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் மொதப் பேட்ச்சையே தாயின்னு காட்டும். பாதி வழியில சர்வரு கையை விரிச்சாலும் இதே மாதிரி மிச்சத்த மட்டும் அனுப்பினாப் போதும். இதெல்லாம் தலைவலின்னா, பி4 சென்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. சாவி போட்டுக் கையெழுத்து வச்சா கர்னல் டாட் ஆர்க் வழியாவே அனுப்பலாம், எந்த எஸ்எம்டிபிக்காரன் தயவும் வேண்டாம்.

அப்புறம், நேத்து உடைஞ்சதப் பாத்துட்டு ராத்திரியோட ராத்திரியா ஆறையும் மறுபடி அனுப்பினீராமே? ஒரு வாரமாவது பொறுன்னு கர்னல் ஆவணத்துலயே இருக்கு. ரெண்டாம் வெர்ஷன் போடும்போது அதக் கொண்டுபோயி பழைய சீரிஸ் கீழ மாட்டாதீரும். பல பேட்ச் உள்ள சீரிஸுக்கு அது வேண்டாம்னும் அதே ஆவணம் சொல்லுது.

எங்க கிளம்பிட்டீரு? கவர் லெட்டரக் காட்டிட்டுப் போம். அட, தலைப்பு இங்கேன்னு கிட் வச்ச வரி அப்படியே இருக்கு! இத அனுப்ப மாட்டேன்னு கிட்டே மறுத்துரும். மீறி அனுப்பவும் ஒரு வழி இருக்கு. அத மட்டும் உமக்குச் சொல்ல மாட்டேன்.