மொசார்ட் ஓசூர்க்காரர்தான்

மொசார்ட்டைத் தெரியுமா என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் "எந்தப் படத்துக்கு மியூசிக்?" என்போம். அதே மனுஷன் போட்ட டியூனை லேசாக முணுமுணுத்துக் காட்டுங்கள். "அட, டைட்டன் மியூசிக்!" என்று நிமிர்ந்து உட்காருவோம். இருநூறு வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்து, ஒரு வாட்ச் விளம்பரத்தில் சான்ஸ் கிடைத்த பிறகுதான் அந்த மேதையால் நம் வீட்டு ஹாலுக்குள் கால் வைக்க முடிந்தது.

அது அவருடைய 25ஆவது சிம்பொனி. 1773இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 17. ஆமாம், பதினேழு! அந்த வயதில் நாமெல்லாம் கெமிஸ்ட்ரியில் பாஸாவோமா என்று பிள்ளையாரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே ஓசூர்ப் பக்கம் அப்போது ஹைதர் அலி ஆட்சி. அவருக்குச் சண்டைகளைச் சமாளிக்கவே நேரம் சரியாக இருந்தது. சிம்பொனிக்கு எங்கே போவார்?

மேதை என்றால் தங்கத்தட்டில் சாப்பிட்டிருப்பார் என்று நினைக்காதீர்கள். சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்பிடம் சம்பளத்துக்கு இருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் இடம், சமையல்காரர்களோடு. பொறுத்துப் பார்த்து 1781இல் "வேலையே வேண்டாம்" என்று போய் நின்றார். ஆர்கோ என்ற பிரபு பின்பக்கத்தில் ஒரு உதை விட்டு வெளியே அனுப்பினார். இசை வரலாற்றின் மிகப் பிரபலமான ரிலீவிங் ஆர்டர் அதுதான்.

சரி, டைட்டனுக்கு வருவோம். கிரேக்க புராணத்து ராட்சதர்களின் பெயர், எவ்வளவு கம்பீரம் என்றுதானே நினைத்தோம்? 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி அது. வாட்ச் தொழிற்சாலை எங்கள் ஓசூரில். பெயரின் முதல் பாதி டாடா இண்டஸ்ட்ரீஸின் இனிஷியல். மீதிப் பாதி தமிழ்நாடு. அப்பா பெயரில் கொஞ்சம், அம்மா பெயரில் கொஞ்சம் எடுத்துக் குழந்தைக்குப் பெயர் வைப்போமே, அதே டெக்னிக். ராட்சதன் சும்மா கோ-இன்சிடென்ஸ்.

அதே 1984இல்தான் மொசார்ட்டைப் பற்றிய 'அமேடியஸ்' படமும் வந்தது. எட்டு ஆஸ்கர். டைட்டில் ஓடுவதே இந்த டியூனோடுதான். ரொம்ப வருஷம் கழித்து அதை வீட்டில் போட்டுப் பார்த்தபோது, பக்கத்தில் இருந்த நண்பர் டைட்டில் முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "டைட்டன் மியூசிக்கைச் சுட்டுட்டான் சார்!"

டைட்டன் கம்பெனியின் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய். செர்க்சஸ் என்பது ஒரு பாரசீகப் பேரரசரின் பெயர். பாலத்தைப் புயல் உடைத்துவிட்டது என்ற கோபத்தில் கடலுக்கே 300 சவுக்கடி கொடுக்கச் சொன்ன மகானுபாவர். நம்ம செர்க்சஸ் அடிக்கக் கிளம்பியது எச்.எம்.டி.யை. 1961 முதல் நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் வாட்ச் செய்துவந்த அரசு நிறுவனம். மாப்பிள்ளை முறுக்கைத் தணிக்க மாமனார்களின் கையிலிருந்த ஒரே ஆயுதம் அந்த வாட்ச்தான். கடல் அசரவில்லை. எச்.எம்.டி. அசந்துவிட்டது.

தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு எச்.எம்.டி. வாட்சை மேஜை டிராயருக்குள் போட்டோம். மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் "ஆஹா, அந்தக் காலத்து எச்.எம்.டி.!" என்று ஆன்லைனில் தேடித் தேடி வாங்கினோம். வீட்டு டிராயரில் ஒன்று கிடப்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

டைட்டன் நம்பியது குவார்ட்ஸை. பேட்டரி கொடுக்கும் துளி மின்சாரத்தில் ஒரு சின்ன படிகம் செகண்டுக்கு 32,768 தடவை அதிரும். அதைப் பாதி பாதியாகப் பதினைந்து முறை குறைத்தால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அதுதான் டிக். நம்ம ஆபீஸ் மீட்டிங்கும் இதே டெக்னாலஜிதான். என்ன, முள் மட்டும் நகராது.

இந்த நுணுக்க வேலைக்குப் பள்ளிக்கூடம் முடித்த கையோடு இளசுகளை எடுத்தார்கள். கிட்டத்தட்ட சிம்பொனி எழுதிய வயசு. ஒரே வித்தியாசம், இவர்களுக்கு பி.எஃப். உண்டு, உதை கிடையாது.

மொசார்ட்டின் அந்த விளம்பர டியூன் எங்கள் ஊரில் இப்படி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஆன்டெனா. சென்னைத் தொலைக்காட்சி 1975இலேயே வந்துவிட்டது. வந்து என்ன? சென்னை முந்நூறு கிலோமீட்டர். ஆகவே ஓசூர் ஆன்டெனாக்கள் எல்லாம் பெங்களூரைப் பார்த்து நின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒலியும் ஒளியும்' பார்க்கத் தமிழ்நாடே உட்கார்ந்தபோது, எங்கள் தெருவில் ராஜ்குமார் கன்னடத்தில் பாடிக்கொண்டிருந்தார்.

அதுவும் சும்மா வரவில்லை. அண்ணன் மொட்டைமாடியில் கம்பியைத் திருப்புவான். "தெரியுதா?" "புள்ளி புள்ளியா வருது!" "இப்போ?" "வந்துச்சு, விட்டுடு!" விட்டதும் போய்விடும். அவன் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் நிற்கும். எங்கள் வீட்டு டிவி நன்றாகத் தெரிந்த எந்த நிகழ்ச்சியையும் என் அண்ணன் பார்த்ததில்லை.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே சுவரைப் பங்கு போட்ட தெரு எங்களுடையது. யாருக்காவது ஏதாவது புரியாமல் போகும். டைட்டன் விளம்பரம் வந்தால் மட்டும் யாரும் யாரிடமும் அர்த்தம் கேட்டதில்லை. முழுக்க இசைதானே! மொழிப் பிரச்சினைக்கு எல்லையோரத்தில் கிடைத்த ஒரே தீர்வு, முப்பது செகண்டில் முடிந்துவிடும்.

பிறகு செல்போன் வந்தது. எல்லையோர ஜுஜுவாடியில் நின்று போன் பேசினால், டவர் "கர்நாடகாவுக்கு நல்வரவு" என்று மெசேஜ் அனுப்பி ரோமிங்கில் அப்போது காசு பிடித்தது. நாம் நகரவே இல்லை; சிக்னல்தான் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டிப் போய்விட்டு வந்தது. ஆன்டெனாவானாலும் டவரானாலும் எங்களுக்கு எப்போதும் பெங்களூர்தான் கூப்பிடும் தூரம்.

இப்போது சிப்காட் தொழிற்பேட்டை கேட்டில் மணி கேட்டால் எல்லோரும் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கிறார்கள். கையில் வாட்ச் இருக்கிறது. அது எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் ஆசை தாங்காமல் அந்தப் பழைய விளம்பரத்தை யூடியூபில் தேடினேன். அதற்கு முன்னால் ஒரு புது விளம்பரம் ஓடியது. 'ஸ்கிப்' எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து செகண்டையும் எண்ணினேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். முழுசாகப் பார்த்துவிடுங்கள். முப்பது வருஷம் கழித்து உங்கள் பிள்ளை அதைத்தான் தேடப்போகிறான்.