உழைப்பவரைக் கேளுங்கள்!

கேள்வி: ஒரு நாட்டில் வேலையின் தரம் எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்டால் தெரியும்?

பதில்: முதலாளியைத் தவிர யாரைக் கேட்டாலும்! டப்ளினில் இயங்கும் ஐரோப்பிய ஒன்றிய ஆய்வு அமைப்பான யூரோஃபவுண்ட் 1990-களின் தொடக்கத்திலிருந்து தொழிலாளிகளிடமே கேட்டு வருகிறது. 12 நாடுகளில் தொடங்கியது. 2015-இல் 35 நாடுகளில் ஏறத்தாழ 44,000 பேரைச் சந்தித்தது. சம்பளத்தோடு நிற்பதில்லை. பாரம் தூக்குகிறீர்களா, மேலதிகாரி மதிக்கிறாரா, அவசர வேலைக்காக வீட்டு நேரத்தைப் பறிகொடுக்கிறீர்களா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். பல கேள்விகளை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றாமல் கேட்பதால்தான் அன்றைய ஸ்பெயினை இன்றைய ஸ்பெயினோடு ஒப்பிட முடிகிறது.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிக நேரம் உழைப்பவர்கள் ஜெர்மானியர்கள்தானே?

பதில்: கிரேக்கர்கள்! 2023-இல் அவர்களுக்கு வாரம் சராசரியாகச் சுமார் 40 மணி நேரம். ஜெர்மனியில் சுமார் 34. நெதர்லாந்தில் 32தான், பகுதிநேர வேலை அங்கே அவ்வளவு சகஜம். சம்பளமோ டச்சுக்காரருக்குத்தான் மிக அதிகம். இந்த நிலையில், 2024 ஜூலை முதல் சில தொழில்களில் ஆறு நாள் வாரத்தையும் கிரேக்க அரசு அனுமதித்துவிட்டது. கூடுதல் நாளுக்கு 40 சதவீதம் அதிக ஊதியம் உண்டு என்றாலும், களைத்தவனிடம் இன்னொரு நாளைக் கேட்பது தவறு.