ரெண்டு தண்ணி, ஒரு மடையன்

கிருஷ்ணதேவராயர் புதுச்சேரிப் பக்கம் வந்தார். அந்தி நேரம். தூரத்தில் விளக்குகள் ஜொலிக்க ஒரு மாளிகை. கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் காதைக் கடித்தார்: "மகாராஜா, அது ஆயி என்ற தாசியின் வீடு." உடனே உத்தரவு: "இடி!" தப்புப் பண்ணியது ராஜாவின் கண், தண்டனை வீட்டுக்கு. "நானே இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டுகிறேன்" என்றாளாம் ஆயி. கர்ணபரம்பரைக் கதைதான், ராயர் ரசீது எதுவும் தந்துவிட்டுப் போகவில்லை.

பின்னால் வந்த பிரெஞ்சுக்காரனிடம் பீரங்கி இருந்தது, ஒயின் இருந்தது, குடிக்க நல்ல தண்ணீர்தான் இல்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அந்தக் குளம் இருந்ததாகச் சொல்லும் முத்தரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்தது. ஆயி பெயரில் வெள்ளை மண்டபமும் எழும்பியது. வீட்டைப் பறிகொடுத்தவள் இன்று புதுச்சேரி அரசின் சின்னத்திலேயே குடியேறிவிட்டாள்.

உடம்புக்குள்ளும் இப்படி ஒரு நீர்ப்பாசன இலாகா உண்டு. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அத்தனையும் வெளியே போனால் ரேஷன் கார்டில் கழிப்பறையைத்தான் விலாசமாகப் போட வேண்டியிருக்கும். நல்லவேளை, பெரும்பகுதி தானே திரும்பிவிடுகிறது. கடைசி மடையில் மட்டும் மடையனுக்கு மேலிடத்து ஓலை வேண்டும். ரத்தம் ஒன்றிரண்டு சதவீதம் கெட்டிப்பட்டாலே மூளையின் ஹைபோதலாமஸ் மோப்பம் பிடித்துவிடும். பிட்யூட்டரி சுரப்பி வழியாக வாசோபிரெசின் என்ற ஓலை கிளம்பும். மடை திறக்கும், தண்ணீர் ரத்தத்துக்கே திரும்பும். மிஞ்சுவது ஒன்றரை லிட்டர் சொச்சம்.

உப்புக் கணக்கு வேறு ஆள் கையில். பாண்டிச்சேரி போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி மாதிரி, சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது அட்ரினல் சுரப்பி. அது அனுப்பும் ஆல்டோஸ்டீரோன் சொன்னால்தான் கடைசியாகப் போகிற உப்பு திரும்பி வரும். சிறுநீரகம் இதற்கெல்லாம் வருத்தப்படக் கூடாது. பிரெஞ்சு மண்ணில் விளைந்த உப்பை வாங்கும் ஏகபோக உரிமையை 1815 ஒப்பந்தத்தில் இங்கிலீஷ்காரன் எழுதி வாங்கிக்கொண்டான். பாண்டிச்சேரியே பொறுத்துக்கொண்டது.

இந்த ஓலை விவகாரம் சீக்கிரம் பிடிபடவில்லை. பாரிஸில் கிளாட் பெர்னார்ட் என்ற உடலியல் அறிஞர் 1849-ல் முயலின் மூளையடியில் ஊசியால் குத்தினார். முயல் சிறுநீரில் சர்க்கரை வந்தது. கொஞ்சம் தள்ளிக் குத்தினார். சர்க்கரை இல்லாமல் வெறும் தண்ணீராக ஊற்றியது. மூளைக்கும் மூத்திரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று விஞ்ஞானம் மூக்கில் விரல் வைத்தது. பாவம், முயலை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரி சாராயக் கடை வாசலில் ஒரு சாயங்காலம் நின்றிருந்தால் போதும். பிட்யூட்டரிச் சாறு கொடுத்தால் அந்த ஓயாத போக்கு அடங்கும் என்று தெரிய 1913 ஆயிற்று. ஆக்சிடோசினையும் வாசோபிரெசினையும் செயற்கையாகச் செய்துகாட்டிய வின்சென்ட் து விக்னோவுக்கு 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையே 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் காந்தி, இந்தப் பக்கம் கோன்யாக். கடலூர்க்காரருக்கும் விழுப்புரக்காரருக்கும் திடீரென்று பிரெஞ்சுக் கலாச்சாரத்தின் மேல் பக்தி பொங்கியது. "எங்கேப்பா போறே?" "சும்மா, கடற்கரையப் பாக்க." பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், எல்லைக்குள் மூன்று புளியமரத்தடியில் நின்றார்.

காரணம் கலாச்சாரம் இல்லை, ரசாயனம். சாராயம் மூளைக்குள் போனதும் வாசோபிரெசின் ஓலை நின்றுவிடும். ஓலை வராத மடையன் மடையைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவான். தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்ப வழியில்லாமல் நேரே வெளியே ஓடும். குடித்ததைவிடக் கூடுதலாகவே இறங்கலாம். காலையில் நாக்கு வறண்டு, தலை இடித்து, "அம்மா, தண்ணி" என்ற முனகல். அது முதல்நாள் கேட்ட தண்ணி இல்லை.

1954-ல் பிரெஞ்சுக்காரன் போனான். சாராயக் கடை போகவில்லை. தமிழில் ரெண்டுக்கும் பேர் தண்ணிதான், பாண்டியில் ரெண்டும் கிடைக்கும். சிறுநீரகத்துக்குத் தெரிந்தது என்னவோ ஆயி கொடுத்தது மட்டும்தான்.