தலையாட்டும் ஹெரால்டு

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்பது ஸ்போர்ட்ஸ் கார். இதை நம்புகிறவன் திண்டுக்கல்லில் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது ‘அந்தப் பழைய காரு’. ஆதாரம் கேட்கிறவர்களுக்காக வம்சாவளியை மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1959-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் மெட்ராஸ் பதிப்பு. உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கே 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்தது. அங்கே இதே சேஸைக் குட்டையாக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் விட்டார்கள். ஆக, என் காருக்குக் கூடப்பிறந்த தம்பி ஸ்போர்ட்ஸ் கார்.

“உங்க தம்பிகூடத்தான் டாக்டரு” என்றாள் மனைவி. “அதுக்காக உங்ககிட்ட யாராவது ஊசி போட்டுக்க வர்றாங்களா?”

கொஞ்ச காலமாக வண்டியில் ஒரு குதியாட்டம். வேகத்தடையை வண்டி ஒருமுறை ஏறி இறங்கும். உள்ளே இருக்கும் நாங்கள் மூன்று முறை ஏறி இறங்குவோம். பிரேக் போட்டால் மூக்கு தரையை மோந்து பார்க்கும். மடியில் இருக்கும் பிரியாணிப் பார்சல் காலடிக்குப் போய்விடும். என் வண்டி இரண்டு கதவு மாடல். பின்சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்சீட்டை மடக்கி, குனிந்து, ஒருக்களித்து நுழைய வேண்டும். அவ்வளவு பாடுபட்டு உள்ளே போன மாமியார், நாகல் நகர் தாண்டுவதற்குள் கூரையில் கொண்டை இடிக்கிறது என்றார்.

நான் ரோட்டைக் குறை சொன்னேன். அப்புறம் டயர் காற்றை. அப்புறம் வெயிலை. திண்டுக்கல் வெயிலில் எதுதான் இளகாது? கடைசியில் பின்சீட்டில் இருக்கும் பாரத்தைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் ரோட்டுக்கே வந்துவிட்டேன். பழைய கார் வைத்திருக்கிறவனுக்குக் காரைத் தவிர உலகத்தில் எல்லாமே பழுது.

பேகம்பூர் பக்கம் பாய் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். தெரு குறுகல்தான். ஆனால் ஹெரால்டு இருபத்தைந்தடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி. ஒரே வளைப்பில் திருப்பி நிறுத்தினேன். யாராவது பாராட்டுவார்கள் என்று பார்த்தேன். பாய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டம்ளரை வைத்துவிட்டு வந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. முன்சக்கரத்துக்கு நேர் மேலே இரண்டு கையையும் ஊன்றி ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார். ஷாக் அப்சர்பர் நன்றாக இருந்தால் வண்டி ஒருமுறை எழும்பி அடங்கிவிட வேண்டும். என்னுடையது, பட்டிமன்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தது. பாய் போய் மிச்ச டீயையும் குடித்துவிட்டு வந்தார்.

“ரோடு சரியில்ல பாய்” என்றேன்.

“வண்டி நின்னுக்கிட்டுல்ல இருக்கு சார்?”

டார்ச் அடித்துக் காட்டினார். குழாயின் மேல்பாதியில் உலர்ந்த செம்மண். கீழ்ப்பாதியில் அதே செம்மண் எண்ணெயில் குழைந்து கறுத்த களிம்பாக ஒட்டியிருந்தது. விரலால் வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். பிறகு டயர்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவச் சொன்னார். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். டயர் தரையில் பதிந்து உருளாமல் தத்தித் தத்தியே ஓடியிருக்கிறது.

வீட்டில் இதை விளக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குமே தவிர, ஆட்டத்தை அடக்காது. அடக்குவது ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் பொடித் துளைகள். சக்கரம் துள்ளினால் எண்ணெய் அந்தத் துளை வழியே திணறித்தான் போக முடியும். துள்ளல் அத்தனையும் சூடாகிக் காற்றோடு போய்விடும். சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்க ஆளில்லை. “இதைத்தானே எங்கம்மா தீபாவளியிலேருந்து சொல்றாங்க” என்றாள். அவர் சொன்னது கொண்டை. நான் சொல்வது விஞ்ஞானம். வித்தியாசம் இருக்கிறது.

நம் ஊரில் எந்தப் பூட்டுக்கும் சாவி கிடைக்கும். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஹெரால்டுக்கு ஷாக் கேட்டால் மட்டும் கடைக்காரர், “அது என்ன பைக்கு சார்?” என்கிறார். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் அது என்னுடையதைவிட மூத்ததாக இருக்கும். கடைசியில் கைகொடுத்தது தம்பிதான். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் பித்தர்கள் நிறையப் பேர் இருப்பதால் அதன் சாமான்கள் இன்னும் புதிதாகவே வருகின்றன. முன்பக்க ஷாக் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்றுதான். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் ஸ்பிட்ஃபயர் என்றே போட்டிருந்தது. பெட்டியைக் கூடத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி வைத்தேன். மறுநாள் அதற்குள் சிறுமலை வாழைப்பழம் பழுத்துக்கொண்டிருந்தது.

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழ்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பாய் ஒரு டயரில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர் இன்னொன்றில். முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக வரும். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்த பிறகுதான் மேல் நட்டைத் தொட வேண்டும். தவறினால் ஆளை அடித்துவிடும். பின்பக்கம் இன்னும் குசும்பு. அங்கே சக்கரம் அளவுக்கு மேல் தொங்காமல் பிடித்துக்கொண்டிருப்பதும் ஷாக்தான். அச்சுக்கு ஜாக்கி முட்டுக் கொடுக்காமல் போல்ட்டை உருவினால் சக்கரம் தொப்பென்று இறங்கி, பிரேக் ஹோஸையும் இழுத்துக்கொண்டு போகும். இந்தத் தனித்தனி அச்சு வித்தையே வேண்டாம் என்றுதான் 1972-ல் வந்த கெஸல் காரில் ஒரே நேர் அச்சாகப் போட்டுவிட்டார்கள். எனக்கென்னவோ அதில் வருத்தம்தான். ஸ்போர்ட்ஸ் ரத்தம் இருந்ததே அந்த இடத்தில்தான்.

கழற்றிய பழசைக் கையில் கொடுத்தார் பாய். தண்டை அழுத்தினேன், பாதி தூரம் அது பாட்டுக்குப் போய், அப்புறம் ‘சளக்’ என்றது. புதுசை நேராக நிறுத்தி, உள்ளே இருக்கும் காற்று போக மேலும் கீழும் அடித்தார் பட்டறைப் பையன். கடைசிவரை ஒரே சீரான பிடி. நானும் அடித்துப் பார்க்கிறேன் என்றேன். பையன் பாயைப் பார்த்தான்.

எல்லாம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் ரப்பர் புஷ் போல்ட்டுகளுக்குக் கடைசி முறுக்கு. தூக்கில் தொங்கும்போது முறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுகிச் சீக்கிரமே கிழிந்துவிடும்.

“சார், சும்மாதானே நிக்கிறீங்க? உள்ள ஏறி உக்காருங்க” என்றார் பாய். “வெயிட்டாவது ஆகும்.”

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சிறுமலை ஏறினோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வண்டி தோளைச் சாய்த்து, நிமிர்ந்து, அடுத்ததற்குத் தயாரானது. ஏழாவது வளைவில் பின்சீட்டில் சத்தமே இல்லை. பதறிக் கண்ணாடியில் பார்த்தேன். மாமியார் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

இதுதான் சமயம் என்று மனைவி விலை கேட்டாள். சொன்னேன். பொய் சொல்லவில்லை, ஒரு ஷாக்கின் சரியான விலை.

“பரவாயில்லையே” என்றாள். அடுத்த வளைவு வரைக்கும் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, நம்ம காருக்கு எத்தனை சக்கரம்?”